எடைச்சீட்டு

மூணாம் நம்பரின் பாய்லர் என் மார் உயரம்.
தண்டவாளம் இரண்டடி அகலம்.
கன்றுக்குட்டி குறுக்கே படுத்தால்
தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம்.
முதுகில் தண்ணீர்த்தொட்டி,
வயிற்றில் சவுக்குக்கட்டை,
பின்னால் பதினோரு வண்டி உப்பு.
வயற்காரர்கள் இதை ரயில் என்று சொன்னதில்லை.
"அடுப்பு வருது" என்பார்கள்,
வரப்பில் நீட்டிய காலை மட்டும்
மடக்கிக்கொள்வார்கள்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்.
உப்புப் பாத்தியெல்லாம் மூடுமுன் கடைசி லோடு.
கோடியக்கரைப் பக்கம் வானம்
சட்டியின் அடியாகக் கறுத்துக் கிடந்தது.
டிரைவர் சிக்கந்தர் பீடியைப் பற்றவைக்கவில்லை,
கடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.
அவசரம் என்றால் அப்படித்தான்.

இந்தத் தட்டை பூமியில்
மேடு என்று ஒன்று இருந்தால் அது வடிகால் மதகு.
முக்கால் ஆள் உயரம்கூட இல்லை.
அதை ஏற அரை மைலுக்கு முன்பே
ஓடத் தொடங்க வேண்டும்.
ஓடத் தொடங்கினோம்.
வாத்துகள் வந்தன.

குறுவை அறுத்த தாளிலிருந்து
எதிர்ப்பக்கத் தாளுக்கு.
விசில் அடித்தோம்.
அவையும் பதிலுக்கு அடித்தன.
ஆயிரத்து இருநூறு என்றாள் பக்கிரியம்மா,
கோலை இடுப்பில் செருகிக்கொண்டு.
"நடுவுல நிறுத்தினா பாதி அங்க, பாதி இங்க.
அப்புறம் எனக்கு ராத்திரி பூரா எண்ணிக்கை.
நீங்களே நில்லுங்க."

நின்றோம்.
கடைசி வாத்து தண்டவாளத்தில் ஏறி
என்னைப் பார்த்தது. அவசரமே இல்லை.
அது இறங்கவும்
மழை பிடிக்கவும்
சரியாக இருந்தது.

ஈரக்கம்பியில் சக்கரம் வழுக்கியது.
எஞ்சின் இருந்த இடத்திலேயே
நாகப்பட்டினம் வரை ஓடியது.
மணல் பெட்டியில் மணல்
களியாகிக் கிடந்தது.
தார்ப்பாய்க்குக் கீழே பதிமூன்று டன் உப்பு;
வழுக்கும் கம்பிக்கு
அதில் ஒரு கைகூட உதவாது.
சிக்கந்தர் முதல்முறையாகப் பீடியைத் துப்பினார்.

"அடுப்புன்னா சாம்பல் இருக்குமே" என்றாள் அவள்.

இருந்தது.
சாம்பல்தட்டை இழுத்துத் தகரத்தில் கொட்டினேன்.
அவள் இடப்பக்கக் கம்பி, நான் வலப்பக்கம்.
கோலம் போடுகிற விரல் அல்ல அது,
விதை தெளிக்கிற கை.
சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
பின்னாலேயே நடந்தோம்,
அதாவது, எஞ்சினுக்கு முன்னால் பின்னாலேயே,
முகம் அதைப் பார்த்தபடி.
ஒரு அடி. ஒரு மூச்சு.
இன்னொரு அடி.
அது ஏறியது,
மூட்டைக்காரன் ஏணியில் ஏறுவதுபோல
எண்ணி எண்ணி.

மதகின் உச்சியில் நிறுத்தி
நீராவிக்குக் காத்திருந்தபோது
மடியிலிருந்து ஐந்து முட்டை எடுத்தாள்.
கரிவாரியைக் கழுவினேன்,
இஞ்செக்டர் வெந்நீரில்,
இரண்டு தரம், அவள் பார்த்துக்கொண்டிருந்ததால்.
தீக்கதவுக்குள் நீட்டியதும்
வெள்ளை சடசடவென்று பூத்தது.
சிக்கந்தர் தின்றார். முகம் சுளித்தார்.
மூவரும் ஒரே சமயத்தில்
பின்னால் திரும்பி
வண்டிகளைப் பார்த்தோம்.

கம்பெனி விதி ஏழு:
சரக்கில் கை வைப்பவன் அன்றே நீக்கம்.

தார்ப்பாயின் மூலையைத் தூக்கியது யார் என்று
நான் சொல்லப்போவதில்லை.
ஒரு சிட்டிகைதான்.
நாலாவது முட்டைக்கு இன்னொரு சிட்டிகை.

ஏழரைக்கு எடைமேடை.
குமாஸ்தா தாயுமானவன் கண்ணாடியைத் துடைத்து
இரண்டு முறை பார்த்தார்.
புறப்படும்போது பதிமூன்று டன்.
இப்போது அதற்குமேல்
ஒன்றேகால் மூட்டை கூடுதல்.
வழியில் பெய்ததையெல்லாம்
உப்பு குடித்திருந்தது.

"தாமதம் ஐம்பத்திரண்டு நிமிஷம். காரணம்?"
"ஈரம்" என்றார் சிக்கந்தர்.
அவர் எழுதிக்கொண்டார்.
வாத்துக்கு அந்தப் படிவத்தில்
கட்டம் இல்லை.

நான் கீழே இறங்கி நெருப்பை வாரினேன்.
சாம்பல்தட்டு
ஏற்கெனவே காலியாக இருந்தது.